பேட்டரிக் கடைப் பச்சை

வாயில் போட்ட பூண்டைக் கடிப்பதற்கு முன் பச்சை கண்களை இறுக மூடிக்கொள்வார். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர்களின் முகம் அது. பூண்டு நொறுங்கியதும் தோள்கள் ஒரு குலுக்குக் குலுங்கும், மூக்கு விடைக்கும், கண்ணோரம் நீர் கட்டும். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர். அதற்கப்புறம்தான் கடையின் பூட்டுக்குச் சாவி போகும். பூண்டு உள்ளே இறங்காமல் ஈயத்தின் பக்கம் போவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

"ஆள் தெருமுனையில திரும்பறதுக்குள்ள வாசனை முன்னாடி வந்து கடையைத் திறந்திடுது. அப்புறம் எதுக்குண்ணே சாவி?" என்பார் படியில் காத்திருக்கும் கரண்டி.

"பிடிக்கலைன்னா மூக்கை வீட்ல கழட்டி வச்சிட்டு வா."

ஈயம் உருக்குவதும் ஊற்றுவதும் கரண்டியின் வேலை. அகப்பைக் காம்பு கையோடு ஒட்டிக்கொண்டதுபோல எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பதால் அந்தப் பெயர். பச்சைக்கு அந்தப் பெயர் வந்தது மத்தியான வேளையில். மற்றவர்கள் டப்பாவைத் திறந்தால் வகைவகையாக ஏதாவது இருக்கும். அவருடையதைத் திறந்தால் இலை தெரியும். வேகவைத்த கீரை, நறுக்கிய கோஸ், பீன்ஸ், மேலே ஒரு கைப்பிடி பச்சைக் கொத்தமல்லி, ஓரத்தில் பாதி எலுமிச்சை. சோறு எங்கேயோ அடியில் ஒளிந்திருக்கும். கடைசியில் ஒரு கொய்யாப்பழம், விதையோடு.

"ஒரு நாள் இல்ல ஒரு நாள் வாயைத் திறந்தா மேன்னு கத்தப் போறீங்க பாருங்க" என்பார் கரண்டி.

"கத்தினா கத்திட்டுப் போறேன். ரத்தம் சுத்தமாகுதா இல்லையா, அதைச் சொல்லு."

இத்தனைக்கும் முன்பு தட்டில் ஓர் இலை கிடந்தாலும் பொறுக்கி ஓரத்தில் வைக்கிற மனிதர் அவர். அவருடைய மகள் அதற்கும் ஒரு படி மேலே. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாண்டு. அப்பன் ஒதுக்கிய இலைகளை எண்ணி, தன்னுடைய தட்டில் அதைவிட ஒன்றாவது அதிகம் ஒதுக்கினால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். "அப்பனும் மகளும் ஒரே கட்சி. எனக்கு டெபாசிட்டும் கிடைக்காது" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

உயிர்விட்ட பேட்டரிகள் வந்து சேரும் கடை அது. எந்த வண்டியில் இருந்து கழற்றியதானாலும் முதலில் பச்சையின் மேசைக்குத்தான் வரும். சூடு காட்டிய கத்தியால் மூடியை அறுத்தெடுப்பார். ஆசிட்டைச் சாய்த்து வாளியில் வடிப்பார். உள்ளே புத்தகத்தின் தாள்கள்போல அடுக்கியிருக்கும் ஈயப் பிளேட்டுகளைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுப்பார். அரித்துப்போனவை சாம்பல் நிறத் தூளாக மேசையில் உதிரும். அதைப் புறங்கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் புதுப் பிளேட்டுகளை இறக்குவார். இணைக்க வேண்டிய இடத்தில் கரண்டி வந்து உருகிய ஈயத்தை ஊற்றுவார். மூடியை ஒட்டி, புது ஆசிட் விட்டு, மின்சாரம் ஏற்ற வைத்த பிறகு பச்சை குனிந்து காதை வைத்துக் கேட்பார். உள்ளே குமிழி வெடிக்கும் சத்தத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். "இன்னும் பசி அடங்கலை இதுக்கு" என்பார். இல்லாவிட்டால், "போதும், ஏப்பம் விடுது" என்று கம்பியைக் கழற்றுவார். பேட்டரியைக் கொண்டுவந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

அந்தக் கடையில் வேலை பார்த்த எல்லாருக்கும் பயம் ஆசிட்டிடம்தான். பட்டால் எரியும், சட்டையில் ஓட்டை விழும், தோல் வழன்றுபோகும். ஈயம் அப்படியில்லை. சூடாக இருக்கும்போது கிட்டே போகாமல் இருந்தால் போதும். ஆறிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். "ஆசிட் சண்டைக்காரன். ஈயம் சாது" என்று புதிதாக வந்தவர்களிடம் பச்சையே சொல்லியிருக்கிறார். சில நாள் வேலை முடிந்து எச்சிலை விழுங்கினால் வாய் இனிக்கும். அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. இனிப்பாக இருப்பதைப் பற்றி யார் சந்தேகப்படுவார்கள்?

அவர் கீரைக்கு மாறுவதற்கு முன்பே வாண்டுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்கச் செய்கிற பாசாங்கு என்று வீட்டில் நினைத்தார்கள். பிறகு வகுப்பில் தூங்கி வழிகிறாள், தெரிந்த எழுத்தையே மறந்துபோகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். சுகாதார நிலையத்து டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். கடைசியில் தாயிடம், "அப்பா என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது.

அது எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் பெரிய ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. கடையில் போட்ட சட்டையோடுதான் பச்சை வீட்டுக்கு வருவார். வாசலிலேயே வாண்டு தாவி முதுகில் ஏறிக்கொள்வாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் இறங்குவாள். அவர் கழற்றிப் போட்ட சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு காலை அப்பன் வயிற்றின்மேல் போட்டுத் தூங்குவாள். அந்தச் சாம்பல் நிறத் தூள் கடையைவிட்டு இறங்கி, பஸ் ஏறி, அவள் வாய் வரைக்கும் வந்திருக்கிறது.

மனைவி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. பையில் குழந்தையின் துணிகளை அடுக்கினாள். "அக்கா வீட்ல இருக்கோம். ரத்தத்துல அது இறங்கட்டும். இறங்கிடுச்சுன்னு சொன்ன மறுநாளே வந்துடறோம். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

"சண்டை போட்டுக்கிட்டுப் போயிருந்தா சமாதானம் பேசிக் கூட்டிட்டு வந்துடலாம். இதுல யார்கிட்டப் போய்ச் சமாதானம் பேசறது? ஈயத்துக்கிட்டயா?" என்று கரண்டியிடம் ஒரு நாள் கேட்டார். கரண்டி அகப்பையால் உலையைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

ரத்தத்தில் ஈயம் என்று தெரிந்த அன்றைக்கே சுகாதார நிலையத்து நர்ஸ் அவர்களை உட்காரவைத்து விளக்கமாகத்தான் சொன்னார். தூசி வீட்டுக்குள் வரக் கூடாது, கடையிலேயே குளித்து உடை மாற்ற வேண்டும், வீட்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று முதலில் சொன்னார். கடைசியில், குழந்தையை வெறும் வயிற்றோடு விடாதீர்கள், கீரை, பயறு, பழம் எல்லாம் கொடுங்கள், உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால் ஈயம் சுலபமாக உள்ளே போய்விடும், எலுமிச்சை, கொய்யா மாதிரிப் பழங்கள் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சாரும் என்றார். பச்சை முதலில் சொன்னதைச் செய்தார். கடைசியில் சொன்னதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார். தூசியைத் தடுப்பது என்றால் ஒன்றைச் செய்யாமல் இருப்பது. கீரை கொடுப்பது என்றால் மகளுக்காக ஒன்றைச் செய்வது. பிரிந்திருக்கிற மனிதருக்கு எது பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு கீற்று வெற்றிடம் உண்டு. காலையில் வெயில் விழும். அங்கே மூலையில் பழைய பேட்டரிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. கறுப்பு நிறம், கெட்டியான ரப்பர், உள்ளே வரிசையாக அறைகள். செடி வைப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பச்சை நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார். அடியில் துளை போட்டார். வேலையில் கை தேர்ந்தவராதலால் அவற்றைச் சும்மா கழுவி வைத்துவிடவில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார். பேட்டரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது. ஆசிட் மிச்சம் இருந்தால் புஸ்ஸென்று நுரை பொங்கும். பொங்கியது. கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினார். நுரை அடங்கும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தார். பின்புறத்து மண்ணையும் அப்படியே சோதித்துவிட்டுத்தான் பெட்டிகளில் நிரப்பினார்.

"பாத்துக்க, துளி நுரை இல்ல. இதுல சோறு போட்டுத் தின்னலாம்" என்றார்.

"எனக்கு வீட்ல தட்டு இருக்குண்ணே" என்றார் கரண்டி.

கொத்தமல்லி முளைத்தது. பசலை கொழுத்தது. முள்ளங்கி இலை பெட்டியை மீறிப் படர்ந்தது. வேலைக்கு நடுவே போய்ப் பார்த்துவிட்டு வருவார். உதட்டைக் குவித்து இலையின்மேல் இருக்கும் தூசியை ஊதிவிடுவார். யார் கேட்டாலும் ஒரு கொத்துப் பறித்துக் கொடுப்பார். கரண்டி கேலி பேசுவதை நிறுத்தாமலேயே வாரம் தவறாமல் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டை அவர் வைத்திருந்த விதம் வேறு. தரையை ஈரத்துணியால் துடைப்பார். துணியை அலசிவிட்டு மறுபடி துடைப்பார். பழைய பாயையும் தலையணையையும் வெளியே போட்டுவிட்டார். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு இருக்கும். அதை எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து, முன்பு இருந்த மாதிரியே ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் வைப்பார். சுவரில் வாண்டு கலர் பென்சிலால் போட்ட படத்தில் பேட்டரிக்குக் கைகால் முளைத்திருக்கும். சுவரைத் துடைத்தாலும் அதைச் சுற்றித்தான் துடைப்பார். சாயங்காலம் அவள் பார்க்கும் நேரத்துக்கு டிவியில் கார்ட்டூன் ஓடும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவார். கார்ட்டூனில் யாராவது தொப்பென்று விழுந்தால், சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று ஒரு நொடி குழாயை மூடிவிட்டு நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பறித்த கீரைக்கட்டுகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். அந்த வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். மனைவியின் அக்கா கணவர், தையற்காரர், கழுத்தில் நாடாவோடு வந்து எட்டிப் பார்ப்பார்.

"என்ன சகலை, கேட்டுக்கு வெளியிலேயே குடித்தனம் பண்ற உத்தேசமா? உள்ள வாங்க."

"இல்ல சகலை. இங்கயே காத்து நல்லா வருது."

"காத்து எங்க வீட்டுக்குள்ளயும் வரும். வாடகை கேக்க மாட்டேன்."

"இருக்கட்டும் சகலை."

வாண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வாரம் முழுவதும் நடந்ததை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். ஒரு நாள் சொன்னாள்:

"அப்பா, நேத்துக் கீரையை நான் முழுசா தின்னேன்."

"புளுகாதே."

"நெஜமாப்பா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். பெரியம்மா கடையில வாங்கின கீரைன்னா வேணாம்னுடுவேன். உன்னோடதுன்னா தின்பேன். நாக்கு பச்சையா இருக்கா பாரு."

நாக்கை நீட்டினாள். அதில் பச்சை ஒன்றும் இல்லை. "ஆமா, அப்படியே கிளி மாதிரி இருக்கு" என்றார். உள்ளே இருந்து மனைவி வந்து கீரைக்கட்டை வாங்கிக்கொள்வாள். ஒரு கொத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குங்க" என்பாள். மகளைத் தொடாமலேயே திரும்பும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கியது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருகிற நாளன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, போகிற வழியில் வாண்டுக்குப் புதுத் தலையணை ஒன்று பார்த்துவைத்தார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரரிடம் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். சுகாதார நிலையத்து பெஞ்சில் மனைவி முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பெண் பார்க்க வந்த இடத்தில்போல ஒருவரையொருவர் பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நர்ஸ் தாளைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"ஏறியிருக்கே" என்றார்.

பச்சை எட்டித் தாளைப் பார்த்தார்.

"அவரை விட்டுத் தள்ளித்தானே இருக்கீங்க?" என்று மனைவியிடம் கேட்டார் நர்ஸ். "அந்த வீட்ல பழைய பெயின்ட் உரியுதா? குழந்தை மண்ணு கிண்ணு திங்குதா? யாராவது நாட்டு மருந்து குடுத்தீங்களா?"

"எதுவும் இல்லைங்க. நீங்க சொன்ன மாதிரி வேளாவேளைக்குச் சாப்பாடு. கீரை தவறினதே இல்ல. இவர் சொந்தமா வளர்த்துக் கொண்டுவந்து குடுப்பார்."

பச்சைக்குச் சற்றுத் தெம்பு வந்தது. "மருந்து, உரம் ஒண்ணும் போடறதில்ல நர்ஸம்மா. சுத்தமான கீரை. கடைக்குப் பின்னாடி என் கையால வளர்க்கறேன்."

நர்ஸ் தாளைக் கீழே வைத்தார். "எதுல வளர்க்கறீங்க? தரையிலயா?"

"தரையில இல்லைங்க. பெட்டியில. நுரை போற வரைக்கும் சோடா போட்டுக் கழுவினது. ஆசிட் ஒரு சொட்டு கிடையாது."

"ஆசிட்டை நான் கேக்கலை. அந்தப் பெட்டிக்குள்ள முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பிளேட்டு."

"என்ன பிளேட்டு?"

பச்சை வாயைத் திறந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஈயம்" என்றார்.

ஈயம் நுரைக்காது. ஈயம் எரியாது, மணக்காது, இலையைக் கருக்காது. சாது. அவர் ஊற்றிய சோடா ஆசிட்டைத் துரத்திவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது. நிரப்பிய மண்ணோ, பல வருஷமாகக் கடையின் கழுவுநீர் ஓடிய மண்.

"நான்தானே ஊட்டினேன்" என்றாள் மனைவி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "வேணாம் வேணாம்னவளுக்கு, அப்பா வளர்த்ததுன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினேன்."

நர்ஸ் திட்டியிருந்தால் பச்சைக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கீரை நல்லதுதான். நான் சொன்னது தப்பு இல்ல, நீங்க குடுத்ததும் தப்பு இல்ல. கீரையும் பழமும் வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி. கொல்லைக் கதவு திறந்து கிடந்தா காவல்காரன் என்ன பண்ணுவான்? கதவைச் சாத்துங்க முதல்ல. வெளியில வாங்குங்க, நல்லாக் கழுவிச் சமைங்க. வந்த வழி அடைஞ்சா இது இறங்கும். உடனே இறங்காது. மெதுவா இறங்கும்."

"நானும் தினமும் தின்னேன். பூண்டும் தின்னேன்" என்றார் பச்சை, அதனால் ஏதாவது தள்ளுபடி கிடைக்கும் என்பதுபோல.

"பூண்டு தின்னுங்க. நான் வேண்டாங்கலை. ஆனா பூண்டு சோப்பு ஆகிடாது. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். மூஞ்சிக்கு முகமூடி போடச் சொன்னேனே, போடறீங்களா? கடையில குளிச்சிட்டுத்தானே கிளம்பறீங்க?"

"குளிக்கறேங்க. குழாயைச் சுத்தி தார்ப்பாய் கட்டியிருக்கேன்."

"குளிச்சிட்டு வந்து குழந்தையைத் தூக்கறீங்கல்ல?"

மனைவிதான் சொன்னாள். "அவர் தொடறதே இல்லைங்க. வீட்டை விட்டு வந்த நாள்ல இருந்து கேட்டுக்கு வெளியிலதான் நிக்கறார்."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாருங்க அப்படிச் சொன்னது? நான் சொன்னேனா? சோப்பு போட்டுக் குளிச்சு, வேற துணி போட்டுக்கிட்டு வந்தா எந்த ஈயமும் ஒட்டாது. தூக்குங்க, கொஞ்சுங்க. உங்க கை ஒண்ணும் பண்ணலையே!"

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மனைவி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பஸ் முதலில் வந்தது. அவர் தலையணைக் கடை இருந்த தெருவைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் பூண்டு தின்ன மறந்துபோனார். நேராகக் கடைக்குப் பின்னால் போனார். கீரை முன் எப்போதும் இல்லாத மாதிரித் தழைத்திருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் கொத்தமல்லி பூ விட்டிருந்தது. பிடுங்கினார். வேரோடு வந்த மண்ணை உதறாமல் அப்படியே சாக்கில் போட்டார். பெட்டிகளைக் கவிழ்த்தார். ஆசிட் கசடு கொட்டுகிற பிளாஸ்டிக் பீப்பாயில், மண்ணும் செடியும் பெட்டியுமாக எல்லாவற்றையும் போட்டு மூடினார்.

கரண்டி அகப்பையோடு வந்து நின்று பார்த்தார். "என்னண்ணே, ஆடு மேய்ஞ்சு முடிச்சிடுச்சா?"

"வீட்ல இருக்கற கீரையைத் தூக்கிப் போடச் சொல்லு."

"ஏன்?"

"தூக்கிப் போடச் சொல்லுடா!" கத்திவிட்டார். பிறகு குரலை இறக்கினார். "உன் பசங்களையும் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடு. நான்தான் குடுத்தேன்னு நர்ஸம்மாகிட்டச் சொல்லு. அதுல ஈயம் இருக்கு. நுரை நின்னா சுத்தம்னு நெனச்சிட்டேன்."

கரண்டியின் வாய்க்கு அன்றைக்குக் கேலி எதுவும் வரவில்லை. "நானுந்தாண்ணே அப்படி நெனச்சேன்" என்றார். அகப்பையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பீப்பாயை நகர்த்த அந்தப் பக்கம் போய்ப் பிடித்தார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை பச்சை போகவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போயிருக்கும். மனைவி போன் பண்ணினாள்.

"ஏன் வரலை போன வாரம்?"

"எதைக் கொண்டுகிட்டு வர்றது?"

"எதுக்குக் கொண்டுகிட்டு வரணும்? இங்க கடையே இல்லையா?"

"வெறுங்கையோட எப்படி வர்றது அவகிட்ட?"

போனில் பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் வந்தது. பிறகு மனைவி சொன்னாள்: "போன ஞாயித்துக்கிழமை பூரா அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே நின்னா. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேட்டை விட்டு நகரலை. கீரைக்கா நின்னா?" அவள் குரல் உடைந்தது. உடனே அதட்டலாக மாறியது. "குளிச்சிட்டு வாங்க. வெறுங்கையோட வாங்க."

குளித்தார். சோப்பு பாதிக்கு மேல் கரைந்தது. நகக்கண்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார். கழுவிய கையில் எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று கம்பியைக்கூடப் பிடிக்காமல், வளைவுகளில் தள்ளாடிக்கொண்டே போனார்.

கேட் திறந்திருந்தது. தையற்காரர் அதன் தாழ்ப்பாளையே கழற்றிவைத்திருந்தார். "ரிப்பேர், சகலை. சாத்த முடியாது. உள்ள வந்துதான் ஆகணும்" என்றார். பச்சை முற்றத்தில் ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான். வாண்டு எங்கிருந்தோ ஓடிவந்து மோதிய வேகத்தில் அவர் ஓர் எட்டுப் பின்னால் போய் நின்றார். இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை வயிற்றில் புதைத்துக்கொண்டாள். அவருடைய கைகள் இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன. கழுத்தளவுத் தண்ணீரில் துணி மூட்டையை நனையாமல் கொண்டு போகிறவர்போல அப்படியே நின்றார்.

"கையை இறக்குங்க" என்றாள் மனைவி, நிலைப்படியில் நின்றபடி.

"கழுவியிருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். இறக்குங்க."

இடது கை மேலேயே நின்றது. வலது கை மட்டும் மெல்ல இறங்கியது. கண், நெற்றி, காது என்று எதையும் உரசிவிடாமல் காற்றிலேயே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்து, மகளின் உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை. அவிழ்ந்திருந்த ஒன்றிரண்டு முடிகள் எழும்பி உள்ளங்கையில் பட்டன.

வாண்டு அண்ணாந்து பார்க்கவில்லை. வயிற்றில் புதைத்த முகத்தை எடுக்காமலேயே, குதிகாலைத் தூக்கி, எம்பி நின்றாள்.